ட்ரை-டிப் சுடுவதற்கு முன்: உப்பு மட்டுமா, ஊறவைப்பதா, மசாலாப் பூச்சா?

சனிக்கிழமை சாயங்காலம் எட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள். ஒவ்வொன்றும் இரண்டரை பவுண்டில், ட்ரை-டிப் என்ற மாட்டிறைச்சித் துண்டு இரண்டு வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. இப்போது வெள்ளிக்கிழமை இரவு. இன்றைக்கே ஏதாவது செய்ய வேண்டுமா, நாளைக்கு அடுப்பு பற்றவைக்கும்போது பார்த்துக்கொள்ளலாமா? உப்பும் மிளகும் போதுமா, சோயா சாஸ் ஊற்றி ஊறவைக்க வேண்டுமா, கடையில் விற்கும் மசாலாப் பொடியைப் பூசிவிடலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உப்பை இன்றிரவே போடுங்கள், மற்றதெல்லாம் நாளைக்கு. ஆனால் எல்லா அடுப்புக்கும் எல்லா விருந்தாளிக்கும் இதே பதில் பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதும் முக்கியம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

துண்டு எப்படிப்பட்டது

மாட்டின் இடுப்புக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் பாட்டம் சர்லாயின் என்றொரு பகுதி. அதன் முனையில் உள்ள முக்கோணத் தசைதான் ட்ரை-டிப். ஒரு மாட்டில் இரண்டுதான் கிடைக்கும், பக்கத்துக்கு ஒன்று. பிரேசிலில் இதையே மாமின்யா என்பார்கள், அர்ஜென்டினாவில் கொலீட்டா தெ குவாத்ரில். அமெரிக்காவில் இது பெரும்பாலும் கலிஃபோர்னியாக்காரர்களின் பண்டம். வேறு பல மாநிலங்களில் கடைக்காரரிடம் கேட்டால் இன்றைக்கும் ஒரு நொடி யோசிப்பார்.

நான் இருக்கும் சான் லூயிஸ் ஒபிஸ்போவிலிருந்து தெற்கே அரை மணி நேரம் ஓட்டினால் சான்டா மரியா. ட்ரை-டிப்புக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ஊர் அதுதான். 19-ஆம் நூற்றாண்டுப் பண்ணைகளில் வக்கேரோக்கள், அதாவது மாட்டுப் பண்ணை வேலையாட்கள், ரெட் ஓக் கட்டைத் தணலில் பெரிய துண்டுகளாகக் கறி சுட்டுச் சாப்பிட்ட வழக்கம் அங்கே இன்னும் விடாமல் இருக்கிறது. வெகுகாலம் அதற்கு டாப் சர்லாயின் என்ற வேறொரு துண்டுதான் பயன்பட்டது. ட்ரை-டிப்பை அரைத்தோ குழம்புக்கு வெட்டியோ விற்றுக்கொண்டிருந்தார்கள். 1950-களில் பாப் ஷட்ஸ் என்ற கறிக்கடைக்காரர் அதை முழுசாகவே உப்பு, மிளகு, பூண்டு உப்பு தடவிச் சுட்டுப் பார்த்தார், அதிலிருந்துதான் இது பரவியது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பக்கத்தில் பின்கீட்டோ என்ற சிறிய பீன்ஸ், சல்சா, வெண்ணெயில் தோய்த்து வாட்டிய ரொட்டி, சாலட். 1978-இல் சான்டா மரியா வர்த்தக சபை இந்தச் சாப்பாட்டுப் பட்டியலுக்குப் பதிப்புரிமையே (காப்பிரைட்) வாங்கி வைத்தது.

தயாரிப்பு முறையைத் தேர்வு செய்யும்போது இந்தத் துண்டின் மூன்று குணங்களை மனதில் வைக்க வேண்டும். விலாப் பகுதித் துண்டான ரிப்-ஐ அளவுக்கு உள்ளே கொழுப்பு ஓடாது, அதனால் மிஞ்சி வெந்தால் வறண்டுவிடும். ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் வால் மாதிரி மெலிசு. நார் ஒரே திசையில் ஓடாது; நடுவில் வளையும் இடத்தில் திசை மாறும். இந்த மூன்றையும் எந்த மசாலாவாலும் மாற்ற முடியாது. இருக்கிற ருசியைக் கெடுக்காமல் மேலே ஒரு நல்ல மொறுமொறுப்பைக் கட்டித் தருவதுதான் மசாலாவின் வேலை.

முதல் வழி: அடுப்படியில் உப்பு, மிளகு, பூண்டு

சான்டா மரியா முறை இதுதான். துண்டை எடுத்து, துடைத்து, உப்பு, மிளகு, பூண்டுப் பொடி மூன்றையும் கலந்து தாராளமாகத் தூவி, கம்பி மேல் போட வேண்டியதுதான். ரெட் ஓக் தணல் இருக்கிறது, கம்பியை ஏற்றி இறக்கச் சக்கரம் வைத்த அடுப்பு இருக்கிறது என்றால் இதற்கு மேல் ஒன்றுமே வேண்டாம். அந்தக் கட்டையின் புகையே பாதி மசாலா. முக்கால் மணி நேரம் தணலுக்கு மேலே மெதுவாக வேகும்போது சொட்டும் கொழுப்பு தணலில் பட்டு மறுபடி புகையாக ஏறும். அந்த வாசனைக்கு முன்னால் சோயா சாஸும் ரோஸ்மேரியும் நிற்காது.

ஆனால் நம்மில் பலர் வீட்டில் வைத்திருப்பது கேஸ் கிரில். அதில் புகை கிடையாது. அங்கே இந்த முறையில் சுட்டால் வெளிப்புறம் உப்பாகவும் உள்ளே சப்பென்றும் இருக்கும், ஏனென்றால் உப்பு உள்ளே போக நேரமே இல்லை. துண்டின் நடுப்பகுதி இரண்டு அங்குலத்துக்கு மேல் தடிமன். கடிக்கும் ஒவ்வொரு வாயிலும் ஓரத்தில் மட்டும் உப்பு தட்டுப்படும்.

இந்த முறையை எடுத்தால் நேரத்தில் கவனம் வேண்டும். உப்பு போட்டதும் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு மணி நேரமாவது விட வேண்டும். நடுவில் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று நின்றால் அதுதான் மோசமான நேரம். ஏன் என்பதை அடுத்த வழியில் சொல்கிறேன்.

இரண்டாம் வழி: முந்தின இரவே உப்பு

கல்லுப்பைத் தூவிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். முதல் மூன்று நிமிடம் உப்பு மணிகள் அப்படியே நிற்கும். பத்தாவது நிமிடத்தில் ஒவ்வொரு மணியைச் சுற்றியும் வியர்வை மாதிரி ஒரு துளி. அரை மணியில் துளிகள் சேர்ந்து துண்டே நனைந்திருக்கும், தட்டில் சிவப்பாகக் கொஞ்சம் நீர் தேங்கும். ஐயோ, சாறெல்லாம் போகிறதே என்று தோன்றும். அந்த நேரத்தில் அடுப்பில் போட்டால் உண்மையிலேயே நஷ்டம்தான். மேலே நிற்கும் தண்ணீர் ஆவியாகி முடியும் வரை கறி சிவக்காது, வெளுத்து வேகும். ஆனால் பொறுத்திருந்தால், அந்த உப்பு நீரைத் துண்டு மெதுவாக உள்ளே வாங்கிக்கொள்ளும். காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் மேற்பரப்பு கருஞ்சிவப்பாக, விரல் வைத்தால் லேசாக ஒட்டுகிற மாதிரி காய்ந்திருக்கும். அந்தக் காய்ந்த மேல்தான் நாளைய மொறுமொறுப்பு.

உள்ளே போன உப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. தசையின் புரதத்தைக் கொஞ்சம் தளர்த்தி, வேகும்போது அது இறுகிப் பிழிந்து சாற்றை வெளியே தள்ளுவதைக் குறைக்கிறது. ஓர் இரவில் உப்பு நடுமையம் வரை போய்ச் சேராது. ஆனால் ஓரத்தைத் தாண்டி நன்றாகவே உள்ளே போகும்.

ஒரே பொட்டலத்தில் வந்த இரண்டு துண்டுகளை நான் இப்படிச் சோதித்துப் பார்த்தேன். ஒன்றுக்கு வெள்ளி இரவு உப்பு, மற்றதற்கு அடுப்படியில். இரண்டும் ஒரே கேஸ் கிரில்லில், ஒரே சூட்டில். இரவு உப்பு போட்டது ஒன்றரை நிமிடத்தில் செம்பழுப்பாகச் சிவந்தது. மற்றது மூன்று நிமிடம் ஆகியும் திட்டுத்திட்டாகத்தான் இருந்தது. வெட்டி வைத்ததும் யாருக்கும் எது எது என்று சொல்லவில்லை. முதலில் காலியானது இரவு உப்பு போட்ட தட்டு.

அளவில்தான் ஜாக்கிரதை. கறியின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு உப்பு என்பது என் கணக்கு. இரண்டரை பவுண்டு என்பது ஏறக்குறைய 1,130 கிராம். அதற்கு 11 கிராம் உப்பு. கரண்டியில் அளக்காதீர்கள், தராசில் அளங்கள். கோஷர் உப்பு என்பது பருமணி உப்பு; ஒரு டீஸ்பூன் டைமண்ட் கிரிஸ்டல் பிராண்டு கோஷர் உப்பு 3 கிராம் அளவுதான் இருக்கும், மார்ட்டன் கோஷர் உப்பு 5 கிராமை நெருங்கும், சாதாரணத் தூள் உப்பு 6 கிராம். ஒருமுறை வீட்டில் கோஷர் உப்பு தீர்ந்துபோய், வழக்கமான அதே நாலு டீஸ்பூன் கணக்கில் தூள் உப்பைப் போட்டுவிட்டேன். இரண்டு மடங்கு உப்பு. வந்திருந்தவர்கள் மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல் ரொட்டியையும் பீன்ஸையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் சமையலறையில் தராசு இல்லாமல் நான் கறிக்கு உப்பு போடுவதில்லை.

இன்னொன்று. கடையில் விற்கும் பூண்டு உப்பில் பெரும்பகுதி உப்புதான். முந்தின இரவே உப்பு போட்டிருந்தால் மறுநாள் வெறும் பூண்டுப் பொடிதான் தூவ வேண்டும், பூண்டு உப்பு கூடாது. மிளகும் பூண்டும் இரவே போட்டாலும் பிரயோஜனமில்லை. உப்பைப் போல அவை உள்ளே போகாது, ஃபிரிட்ஜில் வாசனைதான் போகும். கிரில்லில் ஏற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால், கொரகொரப்பாக இடித்த மிளகும் பூண்டுப் பொடியும் தூவிக் கையால் அழுத்திவிடுங்கள். பச்சைப் பூண்டை அரைத்துப் பூசவே வேண்டாம், நேரடி நெருப்பில் கருகிக் கசக்கும்.

துண்டை மூட வேண்டாம். ஒரு தட்டில் கம்பி வலை வைத்து, அதன் மேல் திறந்தபடி, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். சாறு சொட்டினாலும் கீழே வேறு உணவு இருக்காது.

மூன்றாம் வழி: ஊறவைப்பது

சோயா சாஸ், ரெட் ஒயின் அல்லது வினிகர், ஆலிவ் எண்ணெய், பூண்டு, கொஞ்சம் பழுப்புச் சர்க்கரை. இப்படி ஊறவைத்த ட்ரை-டிப் கறிக்கடைகளில் தயாராகவே கிடைக்கும். இதைத் தாழ்வாகச் சொல்ல மாட்டேன். சோயா சாஸ் நல்ல பொருள். ஆனால் அது செய்கிற வேலை என்ன என்று தெரிந்து செய்ய வேண்டும்.

ஊறவைத்தால் மசாலா கறிக்குள் இறங்கும் என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. கோழியைச் சிறு துண்டாக வெட்டிக் கீறி ஊறவைக்கும் நமக்கு அது அனுபவ உண்மையாகவும் தெரியும். ஆனால் இரண்டு அங்குலத் தடிமனுள்ள முழுத் துண்டில் பூண்டும் மிளகும் ரோஸ்மேரியும் மேலிருந்து சில மில்லிமீட்டர் தாண்டுவதில்லை. உள்ளே போவது பெரும்பாலும் உப்புதான். அரைக் கப் சோயா சாஸில் ஏறக்குறைய 18 கிராம் உப்பு இருக்கிறது. அதாவது சோயாவில் ஊறவைப்பதும் ஒருவகையில் முந்தின இரவே உப்பு போடுவதுதான், கூடவே சோயாவின் ருசி மேலே படிகிறது.

இழப்பு எங்கே என்றால் மேற்பரப்பில். நனைந்த துண்டு சிவக்க நேரமாகும், சர்க்கரை இருந்தால் கறி வேகும் முன்னே கருகும், எண்ணெய் சொட்டி நெருப்பு குப்பென்று எழும். ஊறவைத்தால் வெளியே எடுத்ததும் டிஷ்யூவால் நன்றாக ஒற்றி எடுத்துவிட்டுத்தான் சுட வேண்டும். ருசி போய்விடுமோ என்று பயப்படாதீர்கள், ஏற வேண்டியது ஏறியிருக்கும்.

புளிப்பும் நேரமும் ஒன்றுக்கொன்று எதிரி. எலுமிச்சை, வினிகர் அதிகமுள்ள கலவையில் நாலு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் மேல்புறம் சாம்பல் நிறமாகி, வெந்த பின் மாவு மாதிரி இருக்கும். அன்னாசி இன்னும் மோசம். கறி மிருதுவாகட்டும் என்று அன்னாசிச் சாறு விட்டு ஒரு இரவு முழுக்க வைத்த துண்டை மறுநாள் தொட்டபோது விரல் பதிந்த இடம் பதிந்தபடியே இருந்தது. கரண்டியால் வழித்தால் வரும்போல மேல்புறம் கூழாகிவிட்டிருந்தது. உள்ளே ஒரு மாற்றமும் இல்லை. ஆட்டுக்கறிக் குழம்பில் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதே மாதிரி புரதத்தைக் கரைக்கும் நொதிதான் அன்னாசியிலும் இருக்கிறது. குழம்பில் கொதி வந்ததும் அது அடங்கிவிடும். ஃபிரிட்ஜில் அதை அடக்க ஆளில்லை, இரவெல்லாம் வேலை செய்யும்.

இதையெல்லாம் மீறி ஊறவைப்பதுதான் சரி என்று நான் நினைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கேஸ் கிரில், கொழுப்பு குறைந்த செலக்ட் தரக் கறி, ரத்தச் சிவப்பைப் பார்த்தாலே தட்டைத் தள்ளிவைக்கும் விருந்தாளிகள். இந்த மூன்றும் சேர்ந்தால் உப்பு-மிளகு மட்டும் போட்ட துண்டு நன்றாக வெந்து தட்டுக்கு வரும்போது பேச ஒன்றும் மிச்சம் இருக்காது. அங்கே சோயாவும் பூண்டும் கைகொடுக்கும். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, வினிகருக்குப் பதில் கொஞ்சம் ஒயின் விட்டு, ஆறேழு மணி நேரம் வையுங்கள். கலவையில் ஒரு பங்கைப் பச்சைக் கறி படாமல் முதலிலேயே தனியே எடுத்துவைத்து, நறுக்கிய துண்டுகள் மேல் கடைசியில் ஊற்றினால் போதும், ஊறவைத்த பலனில் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

நாலாம் வழி: பொடிப் பூச்சு

மிளகாய்த்தூள், பாப்ரிக்கா, சீரகம், காபித்தூள், பழுப்புச் சர்க்கரை சேர்த்த டப்பாப் பொடிகள். மெதுவாகப் புகையில் வேகும் பிரிஸ்கெட்டுக்கு, அதாவது மாட்டின் நெஞ்சுப் பகுதிக்கு, நல்லது. ட்ரை-டிப்பில் நேரடி நெருப்பு படுவதால் சர்க்கரையும் பாப்ரிக்காவும் சீக்கிரம் கருகும். டப்பாவில் உப்பு எவ்வளவு என்றும் கணக்குத் தெரியாது. ஆசையாக இருந்தால் உப்பில்லாத, சர்க்கரையில்லாத பொடியாகப் பார்த்து, இரவு உப்பின் மேல் மறுநாள் தூவுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கொழுப்பை வெட்டுவதா, விடுவதா

கொழுப்புத் தொப்பியோடு, அதாவது ஒரு பக்கம் படிந்த கொழுப்பு அடுக்கோடு வரும் துண்டு பவுண்டு விலை குறைவு, ஆனால் வெட்டி எறியும் எடையையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். கட்டைத் தணலில் சுடுபவர்கள் கால் அங்குலம் விட்டுவிட்டு மீதியைச் சீவிக்கொள்ளலாம். உருகி நன்றாக மணக்கும். கேஸ் கிரில்லில் அந்தக் கொழுப்பு நெருப்பைத்தான் வளர்க்கும், அதனால் சீவிய துண்டே வசதி. கொழுப்பின் வழியாக உப்பு உள்ளே போகாது என்பதால் தொப்பியுள்ள துண்டுக்குக் கறிப் பக்கத்தில் உப்பைக் கூட்டிப் போடுங்கள். வெள்ளியாக மின்னும் சவ்வு இருந்தால் கண்டிப்பாக எடுத்துவிட வேண்டும். இந்தச் சூட்டில் அது கரையாது, ரப்பர் மாதிரி சுருண்டு துண்டையும் வளைக்கும்.

வாங்கும்போது லேபிளையும் படியுங்கள். கறியை மிருதுவாக்க ஊசியாலோ ப்ளேடாலோ குத்திய மாட்டிறைச்சியில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 2016 முதல் அமெரிக்காவில் விதி. சாதாரண முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், நெருப்பில் போய்விடும். குத்திய துண்டில் அது உள்ளேயும் போயிருக்கலாம். அப்படிப்பட்டதை நடுச்சிவப்பாகச் சாப்பிடாமல் 145 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏற்றி, மூன்று நிமிடம் ஆறவிட்டுச் சாப்பிடுவது நல்லது. எல்லா முழுத் துண்டுக்குமே அரசு சொல்லும் பாதுகாப்பு அளவு அதுதான். கர்ப்பிணிகளோ வயதானவர்களோ வந்தால் அவர்களுக்குக் கொடுக்கும் துண்டுகளில் நான் அதற்குக் கீழே போவதில்லை.

சனிக்கிழமை

சரி, இரவே உப்பு போட்டாயிற்று. சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துச் சூடு ஏற்ற வேண்டும் என்பார்கள். இத்தனை தடிமனுக்கு ஒரு மணி நேரத்தில் நடுவில் பெரிதாக ஒன்றும் ஏறாது. ஃபிரிட்ஜிலிருந்தே போடலாம்.

கேஸ் கிரில்லில் ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, மறுபக்கம் துண்டை வைத்து மூடி, உள்ளே 250 டிகிரியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதி 115 டிகிரி வரும்போது நெருப்புப் பக்கம் மாற்றி, முழுச் சூட்டில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம். 125-ஐத் தாண்டியதும் எடுத்துவிட்டால் பத்து நிமிடம் ஆறுவதற்குள் தானாக 130-க்கு மேல் ஏறிவிடும், நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும். தெர்மாமீட்டரைத் தடித்த இடத்தில் குத்துங்கள். வால் பக்கம் அதற்குள் முழுக்க வெந்திருக்கும். அதை மடித்துக் கட்டிச் சமமாக்குபவர்களும் உண்டு. நான் கட்டுவதில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் பெரியவர்களில் பாதிப் பேருக்கு அந்த வால்தான் பிடிக்கும். அவர்களுக்காக முழுத் துண்டையும் 160 வரை ஏற்றி வறட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. போதாவிட்டால், நறுக்கிய துண்டுகளை மறுபடி கம்பியில் ஒரு நிமிடம் வாட்டிக் கொடுக்கிறேன்.

கடைசியாக ஒன்று, ஆனால் இதை வெள்ளிக்கிழமை இரவே செய்துவிட வேண்டும். உப்பு போடும் முன் துண்டை வெளிச்சத்தில் பிடித்து, நார் எப்படி ஓடுகிறது என்று பார்த்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுட்ட பிறகு மேல் கறுத்து, நார் கண்ணுக்குத் தெரியாது. படத்தைப் பார்த்து, நார் திசை மாறும் அந்த வளைவில் முதலில் இரண்டாக வெட்டுங்கள். அப்புறம் ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே திருப்பி வைத்து, நாருக்குக் குறுக்கே பென்சில் தடிமனுக்கும் குறைவாக நறுக்குங்கள். பலகையில் தேங்கும் சாற்றை வழித்து அந்தத் துண்டுகள் மேலேயே ஊற்றி, ரொட்டியோடு உடனே பரிமாறுங்கள்.